சின்னப் பெப்டைடுகளில் எதை எடுப்பது?

சோப்பு மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, வெறுக்கும் வால் ஒன்று. தண்ணீரில் விழுந்ததும் வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ளும், தலைகள் வெளியே நிற்கும். அமினோ அமிலங்களைக் கோத்தும் இப்படி ஒன்றைச் செய்யலாம். அந்தக் கோவைக்குப் பெயர்தான் பெப்டைடு. சோப்புக்கு இல்லாத ஒரு வசதி பெப்டைடுக்கு உண்டு. அதன் முதுகெலும்பு பக்கத்து மூலக்கூறோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோத்துக்கொள்ளும். அதனால்தான் இவை உருண்டையோடு நிற்காமல் இழை, நாடா, குழாய் என்று நீள்கின்றன.

இதில் அடிக்கடி எடுத்தாளப்படுபவை நான்கு வகை. நான் இவற்றை எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்து: தயாரிக்கும்போது கொஞ்சம் கை தவறினால் பொறுத்துக்கொள்ளுமா?

முதலில் எஃப்எஃப். வெறும் இரண்டு ஃபினைல்அலனின், அவ்வளவுதான். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு எழுத்து உண்டு, இதற்கு எஃப். கறாராகப் பார்த்தால் இதற்குத் தலை, வால் என்று பிரிவே கிடையாது. ஆனாலும் இந்தப் பேச்சு வந்தாலே இதன் பெயரும் வந்துவிடும். அல்ஸைமர் நோயில் படியும் அமிலாய்டு புரதத்தின் நடுப்பகுதியில் இருக்கும் துண்டு இது. 2003-இல் மெய்டல் ரெச்செஸும் எஹுட் கசீத்தும் இது குழாயாக நிற்பதைக் காட்டினார்கள். ஒரு மில்லிலிட்டர் ஃபுளூரின் ஆல்கஹாலில் 100 மில்லிகிராம் கரைத்து, தண்ணீர் சேர்த்து மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவுக்கு இறக்கினால் குழாய்கள் தயார். அந்தக் குழாய்க்குள் வெள்ளியை உருவாக்கி, பெப்டைடை நொதியால் கரைத்து, சுமார் 20 நானோமீட்டர் தடிமனில் வெள்ளிக் கம்பி எடுத்தார்கள். விலை மலிவு, விறைப்பு அதிகம். சரி, குறை? அந்தக் கரைப்பானைச் செல்கள் தாங்காது. தண்ணீர் கூடினால் குழாய் மறுபடி கரைந்துபோகும். சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் மூலக்கூறே வளையமாக மூடிக்கொண்டு வேறு பொருளாகிவிடும். மின்னணுச் சோதனைகளுக்கு எடுக்கலாம். உயிரியலுக்கு நான் எடுக்க மாட்டேன்.

அடுத்தது சோப்பின் நேர் நகல். ஆறு அலனின் வால், ஒரு அஸ்பார்ட்டிக் அமிலத் தலை என்றால் ஏ6டி. வாலில் வாலினைப் போட்டால் வி6டி. எம்.ஐ.டி.யில் ஷுகுவாங் ஜாங் குழு 2002-இல் வெளியிட்டபோது, 2 நானோமீட்டரைச் சற்றே தாண்டும் இந்த மூலக்கூறுகள் 30 முதல் 50 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்களாகவும் பைகளாகவும் நின்றன. இங்கே கோட்டைவிட எளிதான இடம் வாலின் நுனி. அசிட்டைல் என்ற மின்னேற்றமில்லாத சிறு மூடியைப் போட்டு மூடாவிட்டால் அங்கேயும் ஒரு மின்னேற்றம் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அது வாலாக எப்படி இருக்கும்? பிஎச், அதாவது அமிலத்தன்மை, கொஞ்சம் அசைந்தாலும் வடிவம் மாறும். ரோடாப்சின், ஒளித்தொகுதி 1 போன்ற சவ்வுப் புரதங்களைக் குலையாமல் காப்பதில் இவை நல்ல பெயர் எடுத்தவை. அந்த வேலைக்கு இவைதான் என் தேர்வு.

உண்மையான போட்டி மீதி இரண்டுக்கும் இடையில்தான்.

ராடா16-இல் அர்ஜினின், அலனின், அஸ்பார்ட்டிக் அமிலம், அலனின் என்ற நான்கு எழுத்து நான்கு முறை வரும். நேராக நீட்டினால் ஒரு பக்கம் முழுக்க அலனின், மறுபக்கம் கூட்டல் மின்னேற்றமும் கழித்தல் மின்னேற்றமும் மாறி மாறி. இங்கே தலை, வால் இல்லை, முன்பக்கம், பின்பக்கம்தான். அலனின் முகங்கள் ஒட்டிக்கொள்ள, சுமார் 10 நானோமீட்டர் இழைகள் பின்னிக் கூழாகும். அந்தக் கூழில் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மீயொலியால் இழைகளை நறுக்கிப் போட்டாலும் சில மணி நேரத்தில் திரும்ப நீண்டுவிடும். இந்தப் பொறுமைதான் எனக்குப் பிடித்தது. ரத்தக்கசிவை நிறுத்த பியூராஸ்டாட் என்ற பெயரில் மருத்துவத்துக்கும் வந்துவிட்டது. கூழ் கண்ணாடிபோல இருப்பதால் அடியில் கசியும் இடம் மருத்துவருக்குத் தெரியும். தொல்லை என்னவென்றால் மூலக்கரைசல் அமிலம். செல்களை அதில் கலந்தால் சட்டென்று ஊடகத்தை மாற்ற வேண்டும். அப்புறம் கோக்கும் செலவு: ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் வெற்றி என்றாலும் 16 முறை முடிந்ததும் கையில் 85 சதவீதம்தான் மிஞ்சும். 98 என்றால் 72.

நான்காவது, ஸாமுவேல் ஸ்டப் என்ற வேதியியலாளரின் குழு உருவாக்கிய வகை. இது பெப்டைடின் நுனியில் 16 கார்பன் கொழுப்பு வாலை ஒட்டுகிறது. வாலுக்கு அடுத்து பிணைந்துகொள்ளும் பகுதி, பிறகு மின்னேற்றம், வெளிநுனியில் செல்லுக்கான செய்தி. 2001-இல் வந்த முதல் இழைகளின் மேல் எலும்பில் இருப்பதுபோலவே இழையின் நீளவாக்கில் கனிமம் படிந்தது. 2004-இல் செல்களைச் சுற்றியிருக்கும் லாமினின் புரதத்தின் ஐந்து எழுத்துத் துண்டை நுனியில் வைத்து நரம்பு முன்னோடிச் செல்களை நியூரான்களாக வளர்த்தார்கள். இழையின் புறம் முழுக்க செய்தி நெருக்கமாக நிற்பதில் ராடா16 இதற்கு ஈடில்லை.

ஆனால் முன்கோபி. அதே குழு 2016-இல் காட்டியதைப் பாருங்கள்: ஒரே மூலக்கூறு, உப்பும் சூடும் மட்டும் வேறு. ஒரு வழியில் நீண்ட இழைகள் வந்து செல்கள் பற்றிப் பிழைத்தன. இன்னொரு வழியில் குட்டை இழைகள் சிக்கிக்கொண்டு நிற்க, செல்கள் செத்தன. ஆகவே செய்தி முக்கியம் என்றால் இது, செல்கள் வளர வெறும் தாங்குசட்டம் போதும் என்றால் ராடா16.

எதை எடுத்தாலும் ஒரு தொல்லை பொது. சுத்திகரிப்பில் சேரும் ட்ரைஃபுளூரோ அசிட்டிக் அமிலம் உப்பாகத் தூளிலேயே தங்கிவிடும். குப்பியைக் கவிழ்த்தால் கூழ் விழாமல் நிற்கும், மகிழ்ந்துபோவீர்கள். வடிவத்தைச் சரிபார்க்க அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால், 1673 என்ற அலை எண்ணில் ஒரு மேடு தெரியும். அது பெப்டைடின் வடிவம் இல்லை, அந்த அமிலம். பெப்டைடுகள் பக்கம் பக்கமாகக் கைகோத்து நிற்கும் வடிவமான பீட்டா தகட்டின் மேடு 1620-ஐ ஒட்டிய அலை எண்களில் தனியாக நிற்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் உப்பை மாற்றி, உலர்த்தி, மறுபடி எடுத்துப் பாருங்கள். போன வாரத்துக் கூழ் இந்த வாரம் வராமல் போனதற்கும் பல நேரம் காரணம் அங்கேதான் இருக்கும்.