உப்புத் தண்ணீர் ஊரில் எந்த சிக்லிட்? ஏஞ்சலா, மலாவியா, நாட்டுக் குரோமைடா?

கீழக்கரைப் பக்கம் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் நேராகக் கடைக்குப் போய் மீனைப் பார்க்கிறார்கள். முதலில் வீட்டுப் போர் தண்ணீரைப் பாருங்கள் என்பேன் நான். பாத்திரத்தில் வெள்ளைக் கறை படிய வைக்கும் கடினத் தண்ணீர் ஒரு வகை. வாயில் வைத்தாலே கரிக்கும் தண்ணீர் வேறு வகை. சிக்லிட் என்பது ஒரு மீன் குடும்பம்; ஏஞ்சல், மலாவி ஏரி மீன்கள், நம் நாட்டுக் குரோமைடு எல்லாம் அதில் சேர்த்தி. எந்த சிக்லிட்டை வைக்கலாம் என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம், அதாவது சுமார் 250 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம்.

ஏஞ்சலும் டிஸ்கஸும் அமேசான் படுகை மீன்கள். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி சூடு பிடிக்கும், அது இங்கே தாராளமாகக் கிடைக்கும். ஆனால் உப்பில்லாத, கறை படியாத மென்மையான தண்ணீர் வேண்டும். வாரம் கால்வாசி மாற்றினாலே 60 லிட்டர். குடிதண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்கும் தெருவில் அதை மீனுக்கு ஊற்ற எனக்கு மனசு வராது. ஏஞ்சல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது வளர்ந்ததும் கூட விட்ட நியான் டெட்ரா என்ற சின்ன மீன்களை விழுங்கிவிடும்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளுக்கு நடுவே வாழும் எம்புனா வகை சிக்லிட்கள் இதற்கு நேர்மாறு. அந்த ஏரியின் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் அளவு; 7-க்கு மேலே போனால் காரம்) 7.7-லிருந்து 8.6 வரை போகும். நம் கறை படியும் தண்ணீர் அவற்றுக்குத் தோது. ஆனால் எதோடு எதைச் சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதுவான மஞ்சள் மீன் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, கருப்புக் கோடு போட்ட நாலு குஞ்சுகளை வாங்கி வந்தேன். அவை ஆரட்டஸ் என்ற முரட்டு எம்புனா. சில மாதத்தில் ஒன்று மட்டும் மஞ்சள் மாறிக் கருத்தது, அது ஆண். மற்ற மீன்களைத் தொட்டி மூலையில், மேல்மட்டத்தில் ஒண்ட வைத்து, வால் கிழியக் கிழியத் துரத்தியது. ஆகவே ஆரட்டஸ் வேண்டாம். யெல்லோ லேப் என்ற மஞ்சள் எம்புனாவில் பத்துக் குஞ்சு வாங்குங்கள். ஆண் பெண் பார்த்துப் பிரிப்பது கஷ்டம், அதனால்தான் பத்து. கற்களை அடுக்கி நிறைய பொந்து வையுங்கள். கரையில் ஒதுங்கும் பவளக்கல்லை மட்டும் எடுக்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நம் தண்ணீரைக் கடினமாக்க அது தேவையும் இல்லை, கருங்கல் போதும்.

தண்ணீர் கரித்தால்? மலாவி மீன் காரத்தன்மையுள்ள தண்ணீரில் வாழ்கிறதே தவிர, உப்பில் அல்ல. அங்கே என் ஓட்டு ஆரஞ்சு குரோமைடுக்கு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான சிக்லிட் இது. கழிமுகத்து உவர்நீரில் வாழ்ந்து பழகியது. எட்டு சென்டிமீட்டர் அளவு, ஆறு ஏழாகக் கூட்டமாக விட்டால் அமைதியாக இருக்கும். முட்டையிடும்போது மட்டும் அந்த மூலையை அண்ட விடாது. தாயும் தகப்பனும் மாறி மாறிக் காவல் நிற்க, குஞ்சுகள் அவற்றின் விலாவில் ஒட்டியிருக்கும் சளியைக் கொத்தித் தின்னும். ஒருமுறை பார்த்தவர்கள் தொட்டியை விட்டு நகர மாட்டார்கள். கேரளத்தில் கரிமீன் என்கிறார்களே, அது இதற்கு உறவுதான்; ஆனால் 20 சென்டிமீட்டருக்கு வளரும், செடியையும் மேய்ந்துவிடும். இந்தத் தொட்டிக்கு ஆகாது.

தண்ணீர் இரண்டுக்கும் ஒத்துவந்தாலும் குரோமைடையும் மலாவி மீனையும் ஒன்றாக விட வேண்டாம். தீனிக்கு முந்துவதில் எம்புனாவோடு குரோமைடு போட்டி போட முடியாது. அப்புறம் சாப்பாடும் வேறு: யெல்லோ லேப்புக்கு ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனி நல்லது, ரத்தப்புழுவை அடிக்கடி போட்டால் வயிறு உப்பிச் செத்துப்போகலாம்.

குஞ்சு பெருகினால் ஊருணியில் விடாதீர்கள், கடையில் கொடுத்துவிடுங்கள். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டையும் ஒரு சிக்லிட்தான். அது குளம் குளமாகப் பரவி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதை நாமே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.