கூண்டை எடுத்த பிறகு எந்தப் பன்றி நின்றது?

சினைப்பன்றிகளைத் தனித்தனிக் கம்பிக் கூண்டில்தான் வைத்திருந்தேன். 2018-ல் அதையெல்லாம் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஒரு கொட்டிலுக்கு 6 என்று சேர்த்து விட்டேன். மொத்தம் 24 தாய். கொட்டிலை மாற்றினால் போதும் என்றிருந்தவனுக்கு, பன்றியையும் மாற்ற வேண்டும் என்பது ஒரு வருஷத்துக்குள் புரிந்துவிட்டது.

அப்போது பெரும்பாலும் சுத்த லேண்ட்ரேஸ் இனம். நீள உடம்பு, நல்ல பால், கண்ணை மறைக்கும் தொங்கு காது. கூண்டில் நின்றவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டத்தில் விட்டதும் கால் கைவிட்டது. ஈரச் சிமெண்டில் துரத்தல், வழுக்கல், அப்புறம் நொண்டல். கூண்டில் நொண்டிக்கும் தீவனம் வாய்க்கு நேரே வரும். கொட்டிலில் அது எழுந்து வருவதற்குள் தொட்டி காலி. இளைத்துப் போனது குட்டி பிரித்த பிறகும் பருவத்துக்கு வராது. அப்படி 7 தாயைக் கறிக்குக் கழித்தேன்.

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. ஈற்றுக்கு 14 குட்டி போடும் வம்சம் என்று ஏட்டைப் பார்த்து 6 இளம் பெண்பன்றி வாங்கினேன். தாயும் பாட்டியும் கூண்டிலேயே வாழ்ந்தவையா என்று கேட்கவில்லை. சேர்த்துவிட்ட ராத்திரியே காது கிழிந்தது. கூண்டுக்குள் சண்டைக்காரி யாரென்று எப்படித் தெரியும்? அந்தக் குணம் கழிபடாமலே வந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

அதிலிருந்து கீறலைப் பார்த்துத்தான் தேர்வு. சேர்த்த மறுநாள் ஒவ்வொன்றையும் நடத்திப் பார்ப்பேன். முன்தோளில் கீறல் நிறைய இருந்தால் எதிர்த்து நின்று சண்டை போட்டவள். பின்பக்கம் இருந்தால் கடி வாங்கி ஓடினவள். அடுத்தடுத்து இரண்டு சினையிலும் முன்தோள் கிழிந்தவளின் மகளை இனத்துக்கு நிறுத்துவதில்லை. கால் அடுத்தது: பின்கால் கம்பு மாதிரி விறைப்பாக இருக்கக் கூடாது, கணுவில் கொஞ்சம் நெகிழ்வு வேண்டும், இரண்டு குளம்பும் ஒரே அளவாக இருக்க வேண்டும். காம்பை அதன் பிறகுதான் எண்ணுவேன்.

இப்போதுள்ள தாய்களில் பாதிக்கு மேல் யார்க்‌ஷயர், லேண்ட்ரேஸ் இரண்டு இனத்தின் முதல் தலைமுறைக் கலப்பு. கறிக்குட்டிக்கு டியூராக் இன ஆண். மீதி தானுவாஸ் கேபிஎம் கோல்டு, தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகம். முக்கால் பங்கு யார்க்‌ஷயர், கால் பங்கு நாட்டுப்பன்றி. அதற்குச் சண்டை தெரியாது என்றில்லை, தோற்றால் சீக்கிரம் ஒதுங்கிவிடும். என் தரையில் அவற்றில் ஒன்றுகூட இதுவரை நொண்டவில்லை.

இனம் சரியாக இருந்தாலும் இடம் குறைந்தால் கடிக்கத்தான் செய்யும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் சினைக்காலத்தின் பெரும்பகுதி தாய்களைச் சட்டப்படி கூட்டமாக வைக்க வேண்டும். 6 முதல் 39 வரை உள்ள கூட்டத்தில் தாய்க்கு 2.25 சதுர மீட்டர், அதாவது சுமார் 24 சதுர அடி. நம் வெயிலுக்கு நான் 30 சதுர அடி விடுகிறேன். சேர்ப்பது குட்டி பிரித்த அன்றே, இல்லையென்றால் இணை சேர்த்து 4 வாரம் கழித்து. நடுவில் சேர்த்தால் கரு தங்காமல் போகிறது.

ஒரு கிழட்டு யார்க்‌ஷயர் மட்டும் இன்னும் தொட்டி முனையை யாருக்கும் விடுவதில்லை. 12 குட்டியைச் சேதமில்லாமல் வளர்க்கிறாள், விற்க மனசு வரவில்லை. அவள் மகள்களெல்லாம் கறிக்குத்தான்.