மாடித்தோட்ட விதை காம்போ ரிவியூ: மூணு இலை வந்ததுக்கு ஒரு ஸ்டார் போடாதீங்க, குறை வேற இடத்துல இருக்கு

ஆன்லைன்ல விக்கிற காய்கறி விதை காம்போ ஒண்ணு வாங்கிப் போட்டேன். தக்காளி, கத்தரி, வெண்டை, சுரை, பாகல், ராம்நாடு முண்டு மிளகாய், ரெண்டு மூணு கீரை, கூடவே ஒரு கொக்கோபீட் கட்டி. கம்பெனி பேரு வேணாம், இதே மாதிரி நிறைய பேரு விக்கிறாங்க, கவர் கலர்தான் வேற. என் மார்க் 5க்கு 2.5.

வாங்குறதுக்கு முன்னாடி ரிவியூ படிச்சேன், பாதிப்பேரு ஒரு ஸ்டார் போட்டு "மியூட்டேஷன் விதை, ஏமாத்து வேலை, வாங்காதீங்க"ன்னு போட்டோவோட எழுதி வச்சிருக்காங்க. மியூட்டேஷன்னா மரபணுவுல வர்ற மாத்தம். போட்டோவைப் பாத்தா தக்காளி நாத்துல ரெண்டு இலைக்குப் பதிலா மூணு இலை, அவ்வளவுதான். எனக்கும் அதே மாதிரி வந்துச்சு, அதுக்கு மேலயும் வந்துச்சு. ஆனா நான் மார்க்கைக் குறைச்சது அதுக்கு இல்ல.

முதல்ல அந்த மூணு இலை. தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் ரெண்டு வித்திலைச் செடி, முளைக்கும்போது எதிரெதிரா ரெண்டு இலை வரும். அபூர்வமா விதைக்குள்ள கரு உருவாகும்போதே மூணா பிரிஞ்சிரும். செடிக்கு ஒரு கெடுதலும் இல்ல, அப்புறம் வர்ற நிஜ இலை அனேகமா வழக்கம் போலத்தான் வரும், காய்ப்பும் குறையாது. அதோட விதையை எடுத்துப் போட்டா திரும்ப மூணு இலைதான் வரும்னும் கிடையாது. என்கிட்ட தக்காளியில வந்தது இப்ப மத்த செடியோட கலந்து நிக்குது, எது அதுன்னு கேட்டா என்னாலயே காட்ட முடியாது. எங்க மதினி அதைப் பாத்துட்டு "இது ஆகாதுப்பா, பிடுங்கிப் போடு"ன்னுச்சு, இருக்கட்டும் மதினின்னு விட்டுட்டேன்.

அடுத்தது வெள்ளை நாத்து. கத்தரித் தட்டுல ஒண்ணு முழு வெள்ளையா முளைச்சுச்சு, தண்டு லேசா ஊதா, இலை மட்டும் பால் வெள்ளை, பாக்க அழகாத்தான் இருந்துச்சு. இது பொழைக்காது. பச்சையம் இல்லாட்டி வெயில்ல இருந்து சாப்பாடு செய்ய முடியாது, விதைக்குள்ள இருந்த கையிருப்பு தீர்ற வரைக்கும் நிக்கும், அப்புறம் சாஞ்சிரும். நீங்க உரம் போட்டாலும் போடாட்டியும் அதேதான், தயவுசெஞ்சு எப்சம் சால்ட்டெல்லாம் வாங்கிக் காசைக் கரைக்காதீங்க. இது பெரும்பாலும் அம்மா செடியில ஒளிஞ்சிருக்கிற குணம், அம்மா பச்சையாத்தான் இருக்கும், தன் மகரந்தமே தனக்கு விழும்போது ரெண்டு பக்கமும் அந்தக் குணம் சேந்துட்டா வெள்ளை வந்துரும், கணக்குப்படி நாலுல ஒண்ணு. தட்டு பூரா பச்சையா இருந்து ஒண்ணு ரெண்டு வெள்ளையா வந்தா விட்டுருங்க, கால்வாசி வெள்ளையா வந்தா அந்த லாட்டைப் பத்தி, அதாவது ஒரே தொகுதியா வந்த விதையைப் பத்திக் கேக்கலாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மிளகாய்ல வந்த ஒண்ணு. இலையோட நடு நரம்பை வச்சு ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெள்ளை, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி. வெள்ளைப் பக்கம் வளர்ச்சி கம்மிங்கிறதால இலை நேரா இல்லாம வெள்ளைப் பக்கமாவே வளைஞ்சு போகுது, இலையைத் தடவிப் பாத்தா அந்தப் பக்கம் மெல்லிசா காகிதமா இருக்கு. குருத்துல ஒரு செல்லுல மாத்தம் வந்து அதுல இருந்து பிரிஞ்சு வந்த பகுதி மட்டும் வெள்ளையாப் போகுது, ஒரே செடிக்குள்ள ரெண்டு விதமான திசு. இதுல முழுப் பச்சையா வர்ற கிளை நல்லா வளரும், முழு வெள்ளையா வர்ற கிளை மத்ததை உறிஞ்சித்தான் நிக்கும், வெட்டி விட்டுடலாம். நான் வெட்டல, வேடிக்கைக்கு வச்சிருக்கேன்.

இதெல்லாம் உண்மையிலேயே செடிக்குள்ள நடக்குற விஷயம், எந்தக் கம்பெனி விதையிலயும் வரும், காசு திருப்பிக் கேக்குற அளவுக்கு ஒண்ணும் இல்ல.

இப்ப மியூட்டேஷனே இல்லாத விஷயத்துக்கு வருவோம், ரிவியூல போட்டோ போட்ட நெறைய பேருக்கு வந்தது இதுதான்னு நினைக்கிறேன், குறிப்பா நம்ம கடலோரத்து ஆளுங்களுக்கு. நான் இருக்கிறது ராமநாதபுரம் ஜில்லா உச்சிப்புளி பக்கம், ரெண்டு பக்கமும் கடல், மணல், கிணத்துல வர்றது பல இடத்துல சவுர்த்தண்ணி. காவிரித் தண்ணி வர்ற அன்னைக்குக் குடத்துல பிடிச்சு வைக்கிறதைச் செடிக்கு ஊத்துனா வீட்டுல அடி விழும். சவுர்த்தண்ணி ஊத்துன தட்டுல முளைப்பு பிந்தும், முதல் இலை நுனி கருகும், ஓரம் பழுப்பா மடங்கும், செடி குட்டையா நிக்கும். இதுல கொக்கோபீட் வேற. தேங்காய் நார்க்கழிவுல இயல்பாவே உப்பு இருக்கும், கழுவாத கட்டியா வந்தா நிலைமை இன்னும் மோசம். இந்தக் காம்போல வந்த கட்டியை ஊறவச்சதும் தண்ணி கருங்காப்பி கலர்ல வந்துச்சு, நாக்குல தொட்டுப் பாத்தேன், உப்புக் கரிச்சுச்சு, கவர்ல "கழுவியது"ன்னு போட்டிருக்கு. நல்ல தண்ணியில தண்ணி தெளியுற வரைக்கும் அலசிட்டு ஒரு தட்டும் அலசாம ஒரு தட்டும் போட்டேன். அலசாததுல பாதி நாத்து கோணல் மாணலா வந்துச்சு, அலசுனதுல அதே விதை நேரா வந்துச்சு. கம்பெனி மேல என் முதல் புகார் இதுதான், ஒரு ஸ்டார் இங்கயே போச்சு. உவர் பிரச்சனை இந்த ஜில்லாவுல எவ்வளவு பெருசுன்னா அதுக்குன்னே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ராமநாதபுரத்துல கடலோர உவர் ஆராய்ச்சி மையம் வச்சிருக்கு, அதனால இலை சுருங்குனா முதல்ல தண்ணியைச் சந்தேகப்படுங்க, விதையை அப்புறம் பாப்போம்.

மிளகாய் இலை சுருட்டுறதையும் மியூட்டேஷன்னு போட்டிருக்காரு ஒருத்தரு. இலை மேல்பக்கமா கப்பு மாதிரி மடங்குனா பெரும்பாலும் இலைப்பேன், கீழ்ப்பக்கமா மடங்கி நீண்டு போனா சிலந்திப்பூச்சி, லென்ஸ் வச்சு இலைக்கு அடியில பாத்தா தெரியும். வெண்டையில நரம்பு மட்டும் மஞ்சளா வலை போட்ட மாதிரி ஆச்சுன்னா வெள்ளை ஈ பரப்புற வைரஸ், அந்தச் செடியைப் பிடுங்கிருங்க. பக்கத்து வயல்ல களைக்கொல்லி அடிச்சு அது காத்துல வந்து பட்டாலும், 2,4-டி மாதிரி மருந்துன்னா இலை நாரு நாரா முறுக்கிக்கும். கச்சான் காத்து (மேல்காத்து) அடிக்கிற மாசத்துல இதையும் கவனிங்க.

சரி, உண்மையான குறைக்கு வர்றேன். ராம்நாடு முண்டுன்னு போட்ட பாக்கெட்ல வந்த செடியில பாதிக்கு மேல நீளக் காய் காய்ச்சிருக்கு. நம்ம ஊர்க்காரனுக்கு முண்டுக்கும் நீளமா காய்க்கிற சம்பா மிளகாய்க்கும் வித்தியாசம் தெரியாதா? முண்டு குட்டையா, குண்டா, தோல் தடிப்பா இருக்கும், 2023ல புவிசார் குறியீடு வாங்குன மிளகாய், நம்ம ஜில்லாப் பேரையே வச்சுக்கிட்டு வெளியூர்க்காரன் பாக்கெட் போட்டு விக்கிறான், உள்ள இருக்கிறது வேற. வெண்டையில ஒரு செடி சிவப்புத் தண்டு, மத்ததெல்லாம் பச்சை. கத்தரியில சிலதுக்கு இலையில, காம்புல முள்ளு, சிலதுக்கு இல்ல. கஸ்டமர் கேர்ல போன் பண்ணுனா ஒரு தம்பி ரொம்ப மரியாதையா "சார் அது நேச்சுரல் மியூட்டேஷன் சார், எங்க கண்ட்ரோல்ல இல்ல"ன்னான். தம்பி, மியூட்டேஷன்னா ரொம்ப அபூர்வமாத்தான் வரும், ஒரு பாக்கெட்ல பாதி அப்படி வராது. விதைக்கு விட்ட வயல்ல பக்கத்துல வேற ரகம் நின்னு கலந்திருக்கும், இல்ல கோடவுன்ல கலந்திருக்கும். மிளகாய் தன் மகரந்தத்துலயும் காய்க்கும், தேனீ எறும்பு வழியா அடுத்த ரகத்தோடயும் நல்லாவே கலக்கும், அதனாலதான் விதைக்குன்னு வளக்கிறவங்க தூரம் விட்டு நடுவாங்க, இல்ல பூவை வலை போட்டு மூடுவாங்க. அதைச் செய்யாதவன் பழியைத் தூக்கி இயற்கை மேல போடுறான்.

இன்னொரு கூத்து. கவர்ல பெருசா "100% நாட்டு விதை, மியூட்டேஷன் இல்லாதது"ன்னு இருக்கு, உள்ள தக்காளி என்னன்னு பாத்தா பி.கே.எம். 1. அது பெரியகுளத்துல அன்னஞ்சிங்கிற உள்ளூர் ரகத்துல செயற்கையா மியூட்டேஷன் தூண்டி எடுத்த ரகம்! கோ 3 தக்காளியும் கோ 1ல இருந்து அப்படி வந்ததுதான், பாகல்ல எம்.டி.யூ. 1 காமா கதிர் பாய்ச்சி எடுத்தது. நம்ம அம்மாமாரு இதையெல்லாம் வாங்கிக் குழம்பு வச்சு வச்சுத்தான் நாம வளந்தோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. பி.கே.எம். 1 எனக்கு நல்லாவே காய்ச்சுச்சு, புளிப்பும் தூக்கலா இருக்கு, ரசத்துக்கு அருமை. காம்போல நான் முழு மார்க் குடுக்குறது அந்தத் தக்காளிக்குத்தான், கவரை எழுதுனவரு அதைப் படிச்சிருந்தா தேவலை.

முளைப்பும் "100%"ன்னு ஸ்டிக்கர்ல போட்டிருக்கு. சோதிச்சு சான்று குடுத்த விதைக்கே (சான்று விதை) அரசாங்கம் வச்சிருக்கிற குறைஞ்சபட்ச முளைப்பு தக்காளி கத்தரிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 சதவீதம்தான். நூறுன்னு எழுதுறவன் ஒண்ணு டெஸ்ட் பண்ணல, இல்ல உங்களை ஏமாந்தவன்னு நினைக்கிறான். ஜிப் கவர்ல லாட் நம்பர் இல்ல, டெஸ்ட் பண்ணுன தேதி இல்ல, எது வரைக்கும் செல்லும்னு இல்ல, ரகப்பேரு பாதிப் பாக்கெட்ல இல்ல. சான்று விதைன்னா நீல அட்டை, உண்மைநிலை விதைன்னா (விக்கிறவங்களே தரத்துக்குப் பொறுப்பேத்து எழுதுறது) இளம்பச்சை அட்டை, ரெண்டுலயும் இதெல்லாம் இருக்கணும். லாட் நம்பர் இல்லாட்டி வெள்ளை நாத்து கால்வாசி வந்தாலும் முண்டு சம்பாவா மாறுனாலும் யாருகிட்டன்னு போய் நிப்பீங்க? ரெண்டாவது ஸ்டாரும் அதுக்கு மேல அரையும் இதுக்காகத்தான் போச்சு.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும், சுரைக்காய். கலப்பு விதையில வர்ற சுரை சில சமயம் கடுங்கசப்பா இருக்கும். வெட்டுனதும் ஒரு துண்டு நுனி நாக்குல வச்சுப் பாருங்க, கசந்தா துப்பிட்டுக் காயைத் தூக்கிப் போட்டுருங்க, வேக வச்சா சரியாப் போயிரும்னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க, அந்தக் கசப்புச் சத்து வேக வச்சாலும் போகாது, வாந்தி பேதின்னு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போயிரும். முக்கியமா காலையில வெறும் வயித்துல சுரை ஜூஸ் குடிக்கிறவங்க. என் கொடியில வந்ததெல்லாம் கசக்கல, ஆனா ஒவ்வொரு காயையும் பாத்துட்டுத்தான் அடுப்புல ஏத்துறோம்.

வாங்கலாமான்னு கேட்டா தக்காளிக்கும் கீரைக்கும் வாங்கலாம், கொக்கோபீட்டை அலசிட்டுப் போடுங்க. மிளகாய் விதைக்கு இந்தப் பாக்கெட்டை நம்பாதீங்க, நம்ம பக்கம் முண்டு போடுற சம்சாரிகிட்ட நல்லாப் பழுத்த வத்தல் பத்து வாங்கி உடைச்சாலே போதும், அவரு காட்டுக்குப் பக்கத்துல சம்பா போட்டிருக்கானான்னு மட்டும் கேட்டுக்கங்க.