பில்லில் பேனல் சா, வெட்டியது கை மெஷினில்: ப்ளைவுட் வெட்டி வாங்குகிறவர்கள் கவனிக்க

அலமாரி செய்ய 18 மி.மீ. ப்ளைவுட் இரண்டு ஷீட். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் 305 மி.மீ. அகலத்துக்கு நான்கு பட்டையாக வெட்டித் தரும்படி சென்னையில் ஒரு கடையில் எழுதிக் கொடுத்தோம். பேனல் சா (ஷீட்டை மேஜையில் கிடத்தி நேராக வெட்டும் பெரிய மெஷின்) கட்டிங் என்று பில்லில் போட்டு, அதற்குத் தனிக் காசும் வாங்கிக்கொண்டார்கள். வெட்டு நடந்தது பின்பக்கக் குடோனில், உள்ளே விடவில்லை. வந்தது பேனல் சா வெட்டு இல்லை என்பதைப் பலகையே காட்டிக்கொடுத்துவிட்டது.

8க்கு 4 அடி ஷீட்டின் அகலம் 1220 மி.மீ. தாளில் கணக்குப் போட்டால் 305 நான்கு வரும். ஆனால் மூன்று வெட்டிலும் பிளேடு தன் கனத்துக்கு மரத்தைத் தின்னும். பேனல் சா பிளேடு தின்பது சுமார் 3.2 மி.மீ., அதாவது ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). கைடை, அதாவது பலகையை அணைத்து வைக்கும் அளவுக் கட்டையை, 305-ல் நிறுத்தி வெட்டினால் மூன்று பட்டை 305 நிற்கும், கடைசிப் பட்டை 295-க்கு இறங்கிவிடும். நேர்மையான கடை இதை வெட்டும் முன்பே சொல்லும்.

எங்களுக்கு வந்தவை 304, 303, 303, 304. கோடு மூன்றையும் முதலிலேயே பென்சிலில் போட்டுவிட்டு, கோட்டின் மேலேயே கை மெஷினை ஓட்டினால்தான் இந்த அளவு வரும். அதன் பிளேடு 2 மி.மீ. தின்றிருக்கிறது: ஓரப் பட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் நஷ்டம், நடுப் பட்டைக்கு இரண்டு பக்கமும். விளிம்பில் பாதிப் பென்சில் கோடு அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டியே மேல்முகம் முழுக்கப் பிசிறு. கை மெஷினின் பல் கீழிருந்து மேலே ஏறி வெட்டுவதால் மேல் விளிம்புதான் பெயரும். பேனல் சாவில் பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு குட்டி பிளேடு அடிமுகத்தை லேசாகக் கீறிக்கொண்டே போகும், இரண்டு முகமும் சுத்தமாக இருக்கும். அது போதாதென்று ஒரு பட்டை நுனியில் 304, நடுவில் 301.

கேட்டதற்கு, "ப்ளைவுட்னா ஒரு நூல் முன்ன பின்ன இருக்கத்தான் சார் செய்யும், வெட்டுன பலகைய திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார்கள். இது தவறான பேச்சு. டெலஸ்கோபிக் சேனல் (டிராயர் நகர்ந்து வர இரு பக்கமும் மாட்டும் இரும்புத் தடம்) போடும் டிராயருக்குப் பக்கத்துக்குச் சுமார் 13 மி.மீ.தான் இடைவெளி. அதில் ஒரு நூல் குறைந்தால் டிராயர் இறுகி நிற்கும், கூடினால் சேனல் கழன்று வரும்.

ப்ளைவுட் கடைகள் நிறைந்த சைடன்ஹாம்ஸ் ரோடானாலும் உங்கள் தெருமுனைக் கடையானாலும், காசு கொடுக்கும் முன் மெஷினைக் கண்ணால் பாருங்கள். காட்ட மறுத்தால் ஷீட்டை மட்டும் வாங்கிக் குட்டி யானையில் ஏற்றி வேறு பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஒரு அடி அகலம் நான்கு என்று கேட்காதீர்கள்; 300 கேளுங்கள். நான்கு பட்டையும் மூன்று வெட்டும் சேர்ந்து 1209.6. மிச்சம் 10 மி.மீ., கம்பெனியிலிருந்து வந்த விளிம்பைச் சீவி நேராக்கப் போதும். அளவை மி.மீ.யில் மட்டும் எழுதுங்கள், அங்குலமும் நூலும் கலந்தால் அங்கேயே தப்பு நுழையும். அலமாரித் தட்டுக்கு மேல்முக நார் நீளவாக்கில் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போடுங்கள். ஷீட்டை மிச்சம் பிடிக்கத் திருப்பிப் போட்டு வெட்டினால், புத்தகம் ஏறியதும் தட்டு தொங்கும். 18 என்று விற்கும் பலகை 17 சொச்சம் இருப்பது சகஜம். கனம் அளக்கும் கேலிப்பர் வைத்துப் பார்த்த பிறகே உள்ளளவைக் கணக்கிடுங்கள்.

முதல் குறுக்கு வெட்டு முடிந்ததும் நிறுத்தச் சொல்லி, ஒரு துண்டைக் குப்புறப் புரட்டி வெட்டு விளிம்புகளைச் சேர்த்துப் பாருங்கள். இடுக்கு தெரிந்தால் மூலைமட்டம் தப்பு, தெரியும் இடுக்கில் பாதிதான் உண்மையான பிசகு. மிச்சத் துண்டுகளும் உங்களுடையவை, கேட்டு வாங்குங்கள்.

எங்கள் எட்டுப் பட்டையையும் வேறு பட்டறையில் ஸ்லைடிங் டேபிள் மெஷினில் (நகரும் மேஜை உள்ள பேனல் சா) இரு பக்கமும் சீவி 298-க்குக் கொண்டுவந்தோம். அலமாரியின் ஆழத்தில் 7 மி.மீ. போய்விட்டது, கட்டிங் கூலி இரண்டு தடவை.