மருந்து எழுதக் கற்றுத்தர எது நல்ல வழி: போர்டா, கேஸா, வார்டா, பிளாஸ்டிக் பையா?

கோலாலம்பூரில் புதிதாக வேலைக்கு வரும் ஹவுஸ்மன்களுக்கும் (பயிற்சி மருத்துவர்கள்) உதவி மருத்துவ அதிகாரிகளுக்கும் மருந்தியல் வகுப்பு எடுக்கும் மருந்தாளுநர் நான். முதல் நாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் உடம்பை விட்டு எந்த வழியாக வெளியேறுகிறது? அது கல்லீரலில் என்ன செய்கிறது என்பதை மடமடவென்று ஒப்பிப்பார்கள். வெளியேறும் வழியைக் கேட்டால் பலர் தரையைப் பார்ப்பார்கள். சிறுநீரகம் வழியாக, அதுவும் மாறாமல் அப்படியே வெளியேறுகிறது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் அந்த மாத்திரையை நிறுத்துவது அதனால்தான். இத்தனை வீடுகளில் இனிப்பு நீர் இருக்கிற ஊரில் இது தெரியாமல் மருந்துச்சீட்டு எழுத முடியாது.

இதில் பிள்ளைகள் மேல் தப்பில்லை, அவர்கள் படித்த வரிசையில்தான் தப்பு என்பேன். கல்லூரியில் மருந்தியல் போர்டில் வகை வகையாக வருகிறது. மருந்தின் பெயர் பிரில் என்று முடிந்தால் இன்ன வகை, ஓலால் என்று முடிந்தால் இன்ன வகை, உடம்பில் அது போய் ஒட்டும் ஏற்பி எது, பக்கவிளைவு என்ன. இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நாளைக்குப் புது மருந்து ஒன்று வந்தால் அதை எந்த அலமாரியில் வைப்பது என்று இது சொல்லித் தருகிறது. ஆனால் கிளினிக்கில் முதலில் வந்து உட்காருவது நோயாளி. மருந்து கடைசியில்தான் வரும். பாடமோ தலைகீழாக நடந்திருக்கிறது.

அதைத் திருப்பிப் போட்டது உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல் வெளியிட்ட வழிகாட்டி. நோயாளியின் பிரச்சினை என்ன, சிகிச்சையால் எதை அடைய வேண்டும், நான் வழக்கமாகத் தரும் மருந்து இவருக்குப் பொருந்துமா, சீட்டு எழுது, விளக்கிச் சொல், பிறகு கண்காணி என்று ஆறு படிகள். ஏழு பல்கலைக்கழகங்களில் இதைச் சோதித்தார்கள், முடிவு 1995-இல் வெளியானது. யோக்யகர்த்தாவும் டெல்லியும் அதில் உண்டு. இந்த முறையில் படித்த மாணவர்கள் தங்களுக்குப் பழக்கமில்லாத கேஸ்களிலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள், ஆறு மாதம் கழித்தும் அது மறந்துவிடவில்லை.

நம் ஊருக்கு வரும்போது ஒரு இடத்தில் இடிக்கிறது. அரசாங்க மருத்துவமனையில் என்ன எழுதலாம் என்பதைச் சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியல், அதாவது எங்கள் ப்ளூ புக், முன்பே முடிவு செய்துவிடுகிறது. ஏ பிரிவு நிபுணருக்கு, பி மருத்துவ அதிகாரிக்கு, சி உதவி மருத்துவ அதிகாரிக்கு. அந்த வழிகாட்டியோ, வழக்கமாகத் தரும் மருந்துகளை அவரவரே தேர்ந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது. சி மட்டும் எழுதக்கூடியவரிடம் போய் உங்கள் சொந்த மருந்துப் பட்டியலைத் தயாரியுங்கள் என்றால் அது கொஞ்சம் விளையாட்டாகத்தான் இருக்கும். எனக்கு அந்த ஆறில் மிகவும் பிடித்தது ஐந்தாவது படி, விளக்கிச் சொல்வது. காலையில் பசியாறியதும் ஒரு மாத்திரை என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த அம்மா பசியாறுவதே பதினொரு மணிக்கு. சில நாள் வெறும் தேத்தண்ணியோடு சரி. அன்றைக்கு மாத்திரையும் கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழிலும் மலாயிலும் சொல்லிப் பழகவே அரை மணி நேரம் ஒதுக்குகிறேன்.

வார்டில் கட்டில் அருகே நின்று கற்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகவே ஒட்டும். ஆனால் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நான்கு மாதம் எலும்பு முறிவுப் பிரிவில் இருந்தவருக்கு வலி மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கைவந்துவிடும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் கண்ணில்கூடப் பட்டிருக்காது. மூத்தவர்களின் பழக்கமும் கேள்வியில்லாமல் தொற்றிக்கொள்ளும். எல்லார் சீட்டிலும் வயிற்று அமிலத்தைக் குறைக்க ஒரு பான்டோபிரசோல், ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது.

நான் இப்போது நம்புவது பிளாஸ்டிக் பையை. கிளினிக்குக்கு வரும் பாட்டிமார் கொண்டுவருவது போலவே ஒன்றை நானே தயார் செய்து வைத்திருக்கிறேன், எல்லாம் காலி அட்டைகள்தான். இரத்த அழுத்தத்துக்குப் பெரின்டோபிரில், ஹைட்ரோகுளோரோதயசைட், அம்லோடிபின் 10 மில்லிகிராம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம். அதோடு முட்டிவலிக்குத் தனியார் கிளினிக்கில் வாங்கிய டைக்ளோஃபெனாக். இங்கே தனியார் மருத்துவர்கள் மருந்தையும் தாங்களே கொடுப்பதால் அது நம் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. பையின் அடியில் பெயர் தெரியாத ஒரு ஜாமு, அதாவது மூலிகை நாட்டு மருந்து.

மேசையில் கொட்டிவிட்டு, இதில் எது எதோடு சண்டை போடுகிறது என்று கேட்பேன். பெரின்டோபிரில், ஹைட்ரோகுளோரோதயசைட், டைக்ளோஃபெனாக் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் படுத்துவிடலாம், அப்போது மெட்ஃபார்மினும் வெளியேற வழியில்லாமல் தேங்கும். அம்லோடிபினோடு சேரும்போது சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஜாமுவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தால் முட்டிவலி மாயமாக மறையும், சர்க்கரை அளவு ஏறும். ஒரே பையில் நான்கைந்து விரிவுரைக்கு வேண்டியது இருக்கிறது, யாரும் தூங்குவதும் இல்லை.

பையால் ஆகாத ஒன்று அரைவாழ்வுக் காலம், அதாவது இரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம். அதற்கு மார்க்கரை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு மருந்து இரத்தத்தில் நிலையான அளவுக்கு வர நான்கைந்து அரைவாழ்வுகள் பிடிக்கும். அம்லோடிபினுக்கு ஓர் அரைவாழ்வே 30 முதல் 50 மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு வாரம் ஓடிவிடும். இந்தக் கோட்டை வரைந்து காட்டாவிட்டால், நேற்று ஆரம்பித்த மருந்துக்கு இன்றும் அழுத்தம் இறங்கவில்லை என்று அளவை இரட்டிப்பாக்குவார்கள். மூன்றாம் நாளே அப்படிச் செய்த சீட்டு என் கையில் வந்திருக்கிறது.

ஆகவே எனக்கு நான்கு பிற்பகல் கிடைத்தால் முதல் பிற்பகலில் மட்டும் போர்டு. மற்ற மூன்றும் பைதான், ஒவ்வொரு தடவையும் வேறு பை. ஹவுஸ்மன்களையும் உதவி மருத்துவ அதிகாரிகளையும் கலந்து உட்காரவைப்பேன். சிம்வாஸ்டாட்டின் கணக்கை ஹவுஸ்மன்கள் பிடித்துவிடுவார்கள். ஜாமு பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்து, இதை எந்தக் கடையில் வாங்கினீங்க பாட்டி என்று கேட்பது பெரும்பாலும் மற்றவர்கள்தான்.