பழைய லேப்டாப்பின் பயாஸை மாற்றக் கொடுக்கும் முன் படியுங்கள்

லெனோவோவின் பழைய திங்க்பேட் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் லேப்டாப்பின் பயாஸை (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் மென்பொருள்) மாற்றி, தயாரித்த நிறுவனம் போட்டிருக்கும் பூட்டுகளை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் அவரிடம் இதைக் கேளுங்கள்: "எதையும் எழுதுவதற்கு முன் என் பயாஸ் சிப்பில் இருப்பதை முழுதாகப் படித்து, அந்தக் கோப்பை என் கையில் தருவீர்களா?" மழுப்பினாலும் சரி, "அதெல்லாம் தேவையில்லை" என்றாலும் சரி, லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். இந்த வேலைக்காக நான் லேப்டாப்பைக் கொடுத்த ஆள் அந்தக் கோப்பை எடுக்கவே இல்லை. வேறு யாருடைய லேப்டாப்பிலிருந்தோ எடுத்ததை என்னுடையதில் எழுதி அனுப்பிவிட்டார்.

என்னுடையது எக்ஸ்230, 2012-இல் வந்த மாடல். இன்றைக்கும் எழுத்து வேலைக்கும் நிரல் எழுதவும் தாராளமாகப் போதும். நினைவகம், வட்டு, விசைப்பலகை எல்லாவற்றையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் நாமே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வைஃபை கார்டை மட்டும் இஷ்டப்படி மாற்ற முடியாது. லெனோவோ அனுமதித்த கார்டுகளின் பட்டியல் பயாஸுக்குள் இருக்கிறது. அதில் இல்லாத கார்டைப் போட்டால் 1802 என்ற பிழை எண்ணோடு, அனுமதி இல்லாத நெட்வொர்க் கார்டு என்று சொல்லிக் கணினி அங்கேயே நின்றுவிடும். ரேடியோவையும் ஆன்டெனாவையும் சேர்த்துத்தான் அரசு அமைப்புகளிடம் சான்று வாங்கியிருக்கிறோம் என்பது இதற்கு நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். எனக்கு அது போதுமான காரணமாகத் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளில் வேகமான கார்டு ஒன்றைப் போட்டுக்கொள்வது உரிமையாளரின் முடிவு.

இரண்டாவது பூட்டு பேட்டரிக்கு. இந்தத் தலைமுறை திங்க்பேட்களில் வேறு நிறுவனத்தின் பேட்டரியைப் போட்டால், இந்தக் கணினிக்கு ஏற்ற பேட்டரி இல்லை, சார்ஜ் ஆகாது என்று செய்தி வரும். சொன்னபடியே சார்ஜும் ஆகாது. இவ்வளவு பழைய மாடலுக்கு நல்ல அசல் பேட்டரி கிடைப்பது கஷ்டம். அதனால்தான் பலர் இந்தப் பூட்டை எடுக்க வழி தேடுகிறார்கள்.

இரண்டையும் எடுத்துத் தருகிறேன், கூடவே பயாஸில் மறைத்து வைத்திருக்கும் மெனுக்களையும் திறந்து தருகிறேன் என்று அந்த ஆள் சொன்னார். கூரியரில் அனுப்பினால் போதும், எந்த நிறுவனத்தின் லேப்டாப்பாக இருந்தாலும், எந்த வருடத்து மாடலாக இருந்தாலும் முடியும் என்றார். முன்பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டார். என் தோழியும் அதே மாடல்தான் வைத்திருக்கிறாள். அவளும் அவரிடமே அனுப்பினாள்.

லேப்டாப் திரும்பி வந்தது. புது வைஃபை கார்டைப் போட்டேன், 1802 வரவில்லை. ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை, திரை கறுத்து எல்லாம் நின்றுபோனது. மறுபடி போட்டால் ஒழுங்காக ஓடும், அப்புறம் மறுபடி அணையும். லினக்ஸ் பதிவுகளில் தேடினால் ஒரு தடயமும் இல்லை. மின்சாரத்தைப் பிடுங்கியது போல அந்த நொடியோடு பதிவு முடிந்திருக்கும்.

அவரிடம் சொன்னேன். சூடாகிறது என்றார். பழைய லேப்டாப், பிராசஸர் மேல் இருக்கும் பேஸ்ட் காய்ந்திருக்கும், திரும்ப அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். வெப்பநிலையைப் பார்த்தேன், அணைவதற்கு முந்தைய நொடியிலும் சாதாரண அளவில்தான் இருந்தது. அதையும் சொன்னேன். அப்படியானால் மதர்போர்டு போய்விட்டது, எனக்கு வரும்போதே அப்படித்தான் இருந்திருக்கும் என்றார்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் உறுதியானது. சூட்டினால் அணைகிற கணினி வேலை கூடினால் சீக்கிரம் அணையும், சும்மா இருந்தால் அணையாது. இதுவோ என்ன செய்தாலும் போட்டதிலிருந்து 30 நிமிடம் ஆனதும் அணைந்தது. வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பயாஸ் திரையை மட்டும் திறந்து சும்மா விட்டுப் பார்த்தேன். அப்போதும் 30 நிமிடம்தான்.

இந்தத் துறையில் கொஞ்சம் பழகியவர்கள் இதைக் கேட்டதும் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். இன்டெல் சிப்செட்டுக்குள் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்று தனியாக ஒரு சிறு கணினி இருக்கிறது. சுருக்கமாக எம்இ என்பார்கள். அதற்கான மென்பொருள், பயாஸ் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே ஒரு பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதி சிதைந்திருந்தால், இந்தத் தலைமுறை கணினிகள் தொடங்கி 30 நிமிடத்தில் தாமாகவே அணைந்துவிடும். மதர்போர்டோ பேஸ்டோ இதில் சம்பந்தமே படவில்லை. எழுதியவர் அந்தப் பகுதியைக் கெடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்தது நெட்வொர்க் கேபிளைச் செருகியபோது தெரிந்தது. என் ரௌட்டரில் இந்த லேப்டாப்பின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் சாதனத்தின் தனி அடையாள எண்) ஒரு நிலையான ஐபி ஒதுக்கி வைத்திருந்தேன். இப்போது அந்த ஐபி கிடைக்கவில்லை, லேப்டாப்பை ரௌட்டர் புதிய சாதனமாகக் காட்டியது. பழைய பட்டியலோடு ஒப்பிட்டால் மேக் முகவரியே மாறியிருக்கிறது. தோழியைக் கூப்பிட்டு அவளுடையதைப் பார்க்கச் சொன்னேன். 12 எழுத்துகளும் என்னுடையதோடு அப்படியே ஒத்துப்போயின. இரண்டு லேப்டாப்புக்கு ஒரே முகவரி. இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் செருகியதும் மாறி மாறி இணைப்பு அறுந்தது.

எக்ஸ்230-இல் இரண்டு ஃபிளாஷ் சிப்கள் உண்டு, ஒன்று 8 எம்பி, இன்னொன்று 4 எம்பி. விசைப்பலகையையும் கை வைக்கும் பகுதியையும் கழற்றினால் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். 8 எம்பி சிப்பின் தொடக்கத்தில் நினைவகப் பிரிவுகளின் வரைபடம், அதையடுத்து ஈதர்நெட்டுக்கான, அதாவது கேபிள் நெட்வொர்க்குக்கான சிறு பகுதி, அதன் பிறகு எம்இ. மேக் முகவரி அந்த ஈதர்நெட் பகுதியில்தான் இருக்கிறது. வன்பொருள் தெரிந்த நண்பர் ஒருவர் சிப்பின் கால்களில் கிளிப் மாட்டி என் சிப்பைப் படித்துக் காட்டினார். ஈதர்நெட் பகுதி முழுதாக, வேறொருவரின் முகவரியோடு இருந்தது. எம்இ பகுதியோ பாதி வரைக்கும்தான் இருந்தது. அதன் பிறகு வெறும் எஃப்எஃப், எஃப்எஃப் என்று காலி இடம். எழுதும்போது நடுவில் தொடர்பு விட்டிருக்கிறது. எழுதி முடித்ததைத் திரும்பப் படித்துச் சரிபார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். தோழியின் சிப்பில் அதே கோப்பு முழுதாக ஏறியிருந்ததால் அவளுடையது அணையவில்லை. மேக் முகவரியைச் சோதிக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு இது தெரியவே வந்திருக்காது.

பேட்டரி? அது எங்கள் இருவருக்கும் சார்ஜ் ஆகவில்லை. ஆகவும் ஆகாது. பேட்டரி அசலா என்று பார்ப்பது பயாஸ் இல்லை. விசைப்பலகை, விசிறி, சார்ஜ் இவற்றைக் கவனிக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற வேறொரு சிப். அதற்குத் தனி ஃபர்ம்வேர் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்), அதைத் திருத்தத் தனி வழி. பயாஸை எப்படி மாற்றினாலும், பயாஸுக்குப் பதிலாகப் போடும் கோர்பூட் என்ற இலவச மென்பொருளையே போட்டாலும், பேட்டரிப் பூட்டு அப்படியேதான் இருக்கும். அந்த ஆள் கன்ட்ரோலரைத் தொடவே இல்லை. ஆனாலும் அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறார். வேலை தெரியாமல் கெடுத்ததைக்கூட விட்டுவிடலாம், செய்யாத வேலைக்குக் காசு வாங்கியதை விட முடியவில்லை.

என் அசல் கோப்பையாவது கொடுங்கள் என்று கேட்டேன். "நாங்கள் பேக்கப் எடுப்பதில்லை, எங்களிடம் நல்ல கோப்பு தயாராக இருக்கிறது" என்றார். பணத்தைக் கேட்டபோது, ஃபர்ம்வேர் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது என்று முடித்துக்கொண்டார். அதற்கு மேல் பதில் இல்லை.

அவர் சொன்ன 'நல்ல கோப்பு' எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல மாடல்களில் அந்தச் சிப்பிலேயே லேப்டாப்பின் சீரியல் எண், யூயுஐடி என்ற தனி அடையாள எண், விண்டோஸ் 8 முதல் வந்த கணினிகளின் உரிமச் சாவி எல்லாம் இருக்கின்றன. அடுத்தவர் கோப்பை எழுதினால் உங்களுடையது அழிந்து அவருடையது வந்து உட்காரும். எழுதும் கோப்பு உங்கள் சிப்பிலிருந்து படித்ததன் மேல் செய்த திருத்தமாக இருக்க வேண்டும். அப்படிப் படிப்பதையும் குறைந்தது இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். கிளிப் கொஞ்சம் நகர்ந்தாலே தப்பாகப் படிக்கும்.

எந்தக் கருவியால் எழுதுவார் என்றும் கேளுங்கள். பரவலாகப் புழங்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமர், 3.3 வோல்ட் சிப்பின் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் அனுப்பும். சில சிப்கள் தாங்கும், சில போய்விடும். அதைத் திருத்தித்தான் பயன்படுத்துகிறேன் என்று தானாகச் சொல்பவர் விஷயம் தெரிந்தவர்.

"எந்த வருடத்து மாடலும் முடியும்" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். 2013-இல் ஹாஸ்வெல் என்ற பிராசஸர் தலைமுறையோடு இன்டெல் பூட் கார்ட் (Boot Guard) என்ற பாதுகாப்பு வந்தது. அதை முழுமையாக இயக்கிவிட்ட லேப்டாப்பில், நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத பயாஸ் தொடங்கவே தொடங்காது. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியின் அடையாளம் சிப்செட்டுக்குள் நிரந்தரமாக எரித்து வைக்கப்பட்டிருக்கும். அதே தலைமுறையில் டி440பி போல அது இயக்கப்படாத மாடல்களும் உண்டு. உங்கள் மாடல் எதில் சேரும் என்று சொல்லத் தெரியாதவரிடம் லேப்டாப்பை ஒப்படைக்க வேண்டாம்.

எக்ஸ்230, டி430 போன்ற, ஹாஸ்வெல்லுக்கு முந்தைய ஐவி பிரிட்ஜ் தலைமுறை திங்க்பேட்களுக்கு 1வைரெய்ன் என்ற இலவசக் கருவி இருக்கிறது. லேப்டாப்பைத் திறக்காமலே, யூஎஸ்பி குச்சியிலிருந்து வைஃபை பூட்டை எடுக்கும் வேலையை முடிக்கலாம். பயாஸ் பதிப்பு பழையதாக இருக்க வேண்டும், புதியதாக இருந்தால் முதலில் பின்னோக்கி இறக்க வேண்டும். பேட்டரிப் பூட்டையும் எடுக்க வேண்டுமென்றால் கன்ட்ரோலர் திருத்தத்தை முதலில் செய்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும். வழிமுறையைப் பொறுமையாகப் படிக்க முடிந்தவர்கள் யாரிடமும் போக வேண்டியதே இல்லை. தெரிந்தவரிடம் உழைப்புக்குக் கூலி கொடுத்துச் செய்துகொள்வதும் தப்பில்லை. நேர்மையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

என்னுடையதை அந்த நண்பர் சரிசெய்துவிட்டார். லெனோவோவே வெளியிட்ட எம்இ அப்டேட்டிலிருந்து சுத்தமான பகுதியைப் பிரித்தெடுத்து, ரௌட்டர் பட்டியலில் இருந்த என் பழைய மேக் முகவரியை ஈதர்நெட் பகுதியில் எழுதி, 4 எம்பி சிப்பில் கோர்பூட் போட்டார். இப்போது நாள் முழுக்க ஓடுகிறது. தோழியின் பழைய முகவரி எங்கேயும் குறித்து வைக்கப்படவில்லை. லேப்டாப்பைப் பழையதாக வாங்கியதால் பெட்டியும் இல்லை. வேறு வழியில்லாமல், யாருடையதோடும் மோதாதபடி 02 என்று தொடங்கும் முகவரி ஒன்றை எழுதியிருக்கிறோம். அவள் அலுவலக நெட்வொர்க்கில் பழைய எண்ணைத்தான் பதிவு செய்திருந்தாள், அதனால் அங்கே மறுபடி விண்ணப்பித்துவிட்டு அனுமதிக்குக் காத்திருக்கிறாள்.