டெத் நோட் முடித்தாயிற்று, அடுத்து எந்த இருட்டு?

"டார்க்கா, யோசிக்க வைக்கிற மாதிரி ஒரு அனிமே சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் போதும், டெத் நோட், எவாஞ்சலியன், பெர்செர்க், டோக்கியோ கூல், எல்ஃபென் லீட் என்று பட்டியல் வந்து விழும். எல்லாமே பார்க்கக்கூடிய ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள்தான். ஆனால் இவற்றில் சில, ரத்தம் நிறையச் சிந்துவதால் மட்டுமே இருட்டு என்று பெயர் வாங்கியவை. எல்ஃபென் லீடின் தொடக்கக் காட்சியில் தலையும் கையும் பறக்கும். பார்த்து ஒரு மாதம் போனபின் நினைத்தால் அந்தத் தலையும் கையும்தான் நினைவுக்கு வருகின்றன (அந்தத் தொடக்கப் பாடலும், அதை மறுக்க மாட்டேன்).

நான் வேறு ஒன்றைப் பார்ப்பேன். தொடர் ஓடிய நேரமெல்லாம் நான் யார் பக்கம் நின்றேன், முடிந்தபிறகு அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறதா? கூசினால் அது நல்ல இருட்டு. இதை வைத்துக்கொண்டு, அடிக்கடி மோதவிடப்படும் சில ஜோடிகளைப் பார்க்கலாம். பெரிய முடிச்சுகளை அவிழ்க்க மாட்டேன். ஆரம்ப எபிசோடுகளில் நடப்பதைத் தாராளமாகச் சொல்வேன். ஒரே ஒரு நடு எபிசோடைத் தொட வேண்டியிருக்கிறது, அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

டெத் நோட்டா, மான்ஸ்டரா?

இரண்டும் மேட்ஹவுஸ் ஸ்டுடியோவின் தயாரிப்பு. மான்ஸ்டர் 2004இல் தொடங்கி 74 எபிசோட் ஓடியது. டெத் நோட் 2006இல் தொடங்கி 37 எபிசோடில் முடிந்தது. ஒன்று மற்றொன்றில் சரியாகப் பாதி. வேகமோ பாதியைவிடப் பலமடங்கு.

டெத் நோட்டை ஆரம்ப ரசிகருக்குக் கொடுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. ஒரு நோட்டில் ஒருவர் பெயரை எழுதினால் 40 நொடியில் அவருக்கு மாரடைப்பு என்ற ஒற்றை விதியை வைத்துக்கொண்டு இத்தனை திருப்பங்களை அடுக்கிய தொடர் வேறு இல்லை. உருளைக்கிழங்கு சிப்ஸ் எடுத்துத் தின்பதைக்கூட உலக யுத்தம் மாதிரிக் காட்டியிருப்பார்கள். ஆனால் "குற்றவாளிகளை ஒருவன் தன்னிஷ்டத்துக்குக் கொல்லலாமா?" என்ற கேள்வி இந்தத் தொடரில் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது எபிசோடிலேயே, டிவியில் தன்னை எதிர்த்துப் பேசிய ஆளை, அவன் யார் எவன் என்று விசாரிக்காமல், நோட்டு கையில் கிடைத்த நாயகன் லைட் கொன்றுவிடுகிறான். அதோடு அவன் எப்படிப்பட்டவன் என்பது தெரிந்துபோகிறது. அதற்குப்பின் நடப்பது லைட்டுக்கும், அவனைத் துரத்தும் துப்பறிவாளன் எல்லுக்கும் இடையிலான ஆட்டம். அபாரமான ஆட்டம்தான், ஆனால் நாம் கேலரியில் உட்கார்ந்து விசிலடிக்கிறோம். 25ஆவது எபிசோடுக்குப் பின் ஆட்டமும் சற்றுச் சோர்ந்துவிடுகிறது என்பது ரசிகர்களே ஒப்புக்கொள்வது.

மான்ஸ்டரில் கேலரி கிடையாது. டூசல்டார்ஃப் நகரத்து மருத்துவமனையில் மூளை அறுவை நிபுணராக இருக்கும் ஜப்பானியர் டென்மா. முதலில் கொண்டுவரப்பட்ட துருக்கியத் தொழிலாளியை விட்டுவிட்டு, பின்னால் வந்த பிரபலப் பாடகருக்கு அறுவை செய்யச் சொல்கிறது நிர்வாகம். செய்கிறார். தொழிலாளி இறந்துபோகிறார். அவருடைய மனைவி டென்மாவைப் பிடித்து உலுக்கி, என் கணவர்தானே முதலில் வந்தார் என்று அழுகிறாள். அடுத்தமுறை மேயரா, தலையில் குண்டு பாய்ந்த சிறுவனா என்று வரும்போது டென்மா சிறுவனைத் தேர்ந்தெடுக்கிறார். எல்லா உயிரும் ஒன்றே என்று நம்பி அவர் காப்பாற்றிய அந்த யோஹான், 9 ஆண்டுகள் கழித்து அவர் கண்ணெதிரே ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அமைதியாக நன்றி சொல்கிறான்.

இதற்குப்பின் 70 எபிசோடுகளுக்கு நாம் ஒன்றே ஒன்றுக்குக் காத்திருக்கிறோம்: டென்மா எப்போது சுடுவார்? டென்மா யாரையும் கொல்ல மனமில்லாதவர். கொன்றுவிட மாட்டாரா என்று தவிப்பது நாம். டாக்டரின் நம்பிக்கை எத்தனைமுறை சரியென்று படுகிறதோ அத்தனைமுறை நம் அவசரம் நம்மையே குத்தும். ஊர்ஊராக அவர் போகும் இடத்தில் எல்லாம் ஒரு சின்ன நோயாளி, ஒரு சின்னச் சிகிச்சை. கதைக்குச் சம்பந்தமில்லாத கிளைக்கதைகள் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. என் கணக்கில் தொடரின் எடை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

குறையும் உண்டு. நடுவில் டென்மாவே தலைகாட்டாத எபிசோடுகள் தொடர்ந்து வரும். சண்டைக் காட்சிகளுக்காக அனிமே பார்ப்பவர் 15ஆவது எபிசோடைத் தாண்ட மாட்டார். இன்ஸ்பெக்டர் லுங்கே, கண்ணுக்குத் தெரியாத கீபோர்டில் விரல்களைத் தட்டித் தட்டி விஷயங்களை நினைவில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். முதலில் எரிச்சல்படுத்துவார், கடைசியில் பிடித்துப்போவார். அதுவரை பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சைக்கோ-பாஸா, ஷின்செகாய் யோரியா?

எனக்கு அதிகம் பேச இருக்கும் ஜோடி இது. இரண்டும் 2012இன் இலையுதிர் காலத்தில் தொடங்கி, 2013 மார்ச்சில் முடிந்தவை. ஒரே சீசனில் இரண்டு எதிர்கால சமூகங்கள். இரண்டுமே ஆபத்தானவர்களை முன்கூட்டியே களையெடுத்து அமைதி காக்கின்றன. புகழ் போனது சைக்கோ-பாஸுக்கு. இன்றும் பரிந்துரைப் பட்டியல்களில் ஷின்செகாய் யோரி எங்கோ கீழே, "இதையும் முயலலாம்" என்ற இடத்தில்தான் கிடக்கிறது.

முதலில் சைக்கோ-பாஸின் நியாயம். கென் உரோபுச்சி எழுதிய முதல் சீசன், 22 எபிசோட். சிபில் என்ற அமைப்பு ஒவ்வொருவர் மனநிலையையும் அளந்து, குற்றம் செய்யும் சாத்தியத்தை எண்ணாகச் சொல்லும். போலீஸ் கையில் இருக்கும் டாமினேட்டர் துப்பாக்கி அந்த எண்ணைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும். 100க்குக் கீழே இருந்தால் விசை பூட்டிக்கொள்ளும். 100ஐத் தாண்டினால் மயக்கும். 300ஐத் தாண்டினால் உடலே வெடித்துச் சிதறும். இந்த அமைப்பில் என்ன கோளாறு என்பதை முதல் எபிசோடிலேயே காட்டிவிடுகிறார்கள். ஒரு பெண்ணைக் கடத்திச் சித்திரவதை செய்தவனைப் பிடிக்கப் போகிறார்கள். அவனை முடித்த பிறகு, பயத்தில் உறைந்துபோன அந்தப் பெண்ணின் எண் ஏறுகிறது. ஏறி 300ஐத் தாண்டுகிறது. துப்பாக்கி அவளைக் கொல்லச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவளே குற்றவாளி! வேலையில் சேர்ந்த முதல் நாளில் புது போலீஸ்காரி அகானே என்ன செய்கிறாள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்தில் ஓர் உலகத்தையும் அதன் அநியாயத்தையும் இவ்வளவு சுத்தமாகச் சொன்ன முதல் எபிசோடுகள் குறைவு.

அப்புறம் 11ஆவது எபிசோட். இதுதான் நான் சொன்ன நடு எபிசோட், வேண்டாதவர் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். தொடரின் வில்லன் மகிஷிமா, அகானேயின் தோழியைப் பிடித்து வைத்துக்கொண்டு நிற்கிறான். அகானே டாமினேட்டரை நீட்டுகிறாள். அவன் எண் 100க்குக் கீழே. அவன் தோழியைக் கத்தியால் கீறுகிறான். எண் இன்னும் இறங்குகிறது. துப்பாக்கி அமைதியாக எண்ணை வாசித்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்திலேயே பழைய காலத்து நிஜத் துப்பாக்கி ஒன்று கிடைக்கிறது, எண் பார்க்காமல் சுடக்கூடியது. அவளோ டாமினேட்டரைக் கீழே போட முடியாமல் தவிக்கிறாள். இந்தக் காட்சிக்காகவே தொடரைப் பரிந்துரைக்கலாம்.

பிறகு ஏன் நான் இரண்டாவதைத் தூக்கிப் பிடிக்கிறேன்? சைக்கோ-பாஸில் குற்றம் யார்மேல் என்பதில் நமக்கு ஒரு கணமும் குழப்பம் வருவதில்லை. அமைப்புதான் தப்பு. அகானே நம்மைப் போலவே சந்தேகப்படுகிறாள், வில்லன் மகிஷிமா புத்தகங்களிலிருந்து மேற்கோள் காட்டியே நம் மனதில் ஓடுவதைச் சொல்லிவிடுகிறான். யோசிக்க வேண்டியதை எல்லாம் பாத்திரங்களே யோசித்து வசனமாகப் பேசிவிடுவதால் நமக்கு மிச்சம் குறைவு. நாம் நல்லவர்களாகவே உள்ளே போய் நல்லவர்களாகவே வெளியே வருகிறோம்.

ஷின்செகாய் யோரி அப்படி விடாது. யூசுகே கிஷியின் 2008 நாவலை வைத்து எடுத்த 25 எபிசோட். ஆயிரம் வருடம் கழித்து, மனதால் பொருள்களை அசைக்கும் சக்தி உள்ளவர்கள் வாழும் ஓர் அழகான கிராமம். வயல், படகு, மாலையில் குழந்தைகளை வீட்டுக்கு அழைக்கும் ஓர் இசை. சக்தி மந்தமாக இருக்கும் ஒரு சிறுமி வகுப்பில் தடுமாறுகிறாள். பிறகு அவள் வருவதில்லை. ஆசிரியர் எதுவும் சொல்வதில்லை, கூடப் படிக்கும் குழந்தைகளும் அதைப் பெரிதாகக் கேட்பதில்லை. தொடர் அங்கே நிறுத்தி எந்தப் பயமுறுத்தும் இசையையும் போடுவதில்லை. நாமும் நகர்ந்துவிடுகிறோம். அதுதான் கண்ணி.

கதையைச் சொல்பவள் சாகி. 12, 14, 26 என்று மூன்று வயதுகளில் அவளைப் பார்க்கிறோம். அவள் தன் ஊரை நேசிப்பவள், கலகக்காரி கிடையாது. அவள் கண்ணால்தான் நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம், ஊருக்கு வெளியே வாழும் ராட்சத எலிகள் உட்பட. அவை பேசும், மனிதர்களைக் கடவுளே என்று அழைக்கும், குனிந்து கும்பிடும். அவற்றில் ஸ்க்வீலர் என்று ஒருவன், எப்போதும் குழைந்து பேசுபவன். பார்த்த கணமே அவன்மேல் வெறுப்பு வருகிற மாதிரிதான் வரைந்திருக்கிறார்கள். நானும் வெறுத்தேன். கதை யுத்தமாக மாறும்போது சாகியின் ஊர் ஜெயிக்க வேண்டும் என்று பதறினேன்.

கடைசி எபிசோடில் ஒரு விசாரணைக் காட்சி. கூண்டில் நிற்பவனிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். அவன் சுருக்கமாக ஒரு பதில் கத்துகிறான். கூட்டம் ஒரு நொடி அடங்கி, பிறகு மொத்தமாகச் சிரிக்கிறது. பார்க்கும் நமக்குச் சிரிப்பு வராது. ஆனால் போன எபிசோடுவரை அந்தக் கூட்டத்தோடுதான் உட்கார்ந்திருந்தோம். அதற்குப்பின் வரும் ஓர் உண்மையோடு முதல் எபிசோடுக்குத் திரும்பினால், சாதாரணமாகத் தெரிந்த காட்சிகள்கூட வேறு மாதிரித் தெரியும்.

பரிந்துரைக்கும்போது மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. முதல் மூன்று எபிசோட் குழப்பும். நாலாவதில் ஆயிரம் வருட வரலாற்றை ஒரே மூச்சில் வாசித்துக் காட்டுவார்கள், நோட்டு எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கும். ஐந்தாவதில் ஓவிய பாணியே திடீரென்று மாறும், எதையோ தவறாக ஓடவிட்டுவிட்டோமோ என்று தோன்றும். நிறைய பேர் இந்த ஐந்தைத் தாண்டாமலே நிறுத்திவிடுகிறார்கள். அதனால், புதியவருக்கு சைக்கோ-பாஸ், ஏற்கெனவே பத்துப் பதினைந்து தொடர் பார்த்தவருக்கு ஷின்செகாய் யோரி. இரண்டில் ஒன்றைத்தான் வாழ்நாளில் பார்க்கலாம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது. சைக்கோ-பாஸின் அடுத்த சீசன்களை விட்டுவிட்டால் எந்த நஷ்டமும் இல்லை.

லெயினா, பரனோயா ஏஜென்டா?

இரண்டும் 13 எபிசோட், ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெயின் 1998இல் வந்தது. இறந்துபோன வகுப்புத் தோழியிடமிருந்து லெயின் என்ற பெண்ணுக்கு மின்னஞ்சல் வருகிறது. உடலைத்தான் விட்டேன், நான் இங்கே இருக்கிறேன் என்கிறது. மின்கம்பிகளின் ரீங்காரம், நிழலில் ரத்தச் சிவப்புத் திட்டுகள், பேசாத குடும்பம். நெட்டில் ஒரு நான், நேரில் ஒரு நான் என்பதை சமூக ஊடகங்களே இல்லாத காலத்தில் எடுத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் வியப்பார்கள். எனக்கும் வியப்புதான். ஆனால் பாதிக் குழப்பம் வேண்டுமென்றே செய்தது, மீதிப் பாதியை ஆழம் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது.

இயக்குநர் சதோஷி கோனின் பரனோயா ஏஜென்ட், 2004, தெளிவாகப் பேசி அதே இடத்துக்குப் போகிறது. வளைந்த தங்கநிற பேட்டோடு ஸ்கேட்டிங்கில் வரும் ஒரு பையன் தெருவில் ஆட்களை அடித்துவிட்டுப் போகிறான். அடிவாங்கியவர்கள் ஏனோ நிம்மதியாகத் தெரிகிறார்கள். ஓடிப்போக வழி இல்லாமல் மூலையில் மாட்டிக்கொண்டவர்களைத்தான் அவன் தேடி வருகிறான். ஒவ்வொரு எபிசோடிலும், "பாவம், இவனையும் வந்து ஒரு அடி அடித்துவிட்டுப் போனால் என்ன" என்று நினைத்துவிடுவோம். ஆகவே என் ஓட்டு இதற்கே. ஒரு எச்சரிக்கை: 8ஆவது எபிசோட், சேர்ந்து தற்கொலை செய்துகொள்ளக் கிளம்பும் மூவரை உற்சாகமான இசையோடு நகைச்சுவையாகக் காட்டுகிறது. எடுத்தவிதத்தில் அற்புதம். மனம் சரியில்லாமல் இருக்கும் நண்பருக்கு மட்டும் இதை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அனுப்பிவைக்காதீர்கள்.

மீதி

மடோக்கா மேஜிக்கா, எவாஞ்சலியன் ஜோடியைப் பற்றி நீளமாக வாதாட ஆசை இல்லை. 12 எபிசோடில் கச்சிதமாக வேண்டுமானால் மடோக்கா. அதுவும் உரோபுச்சியின் எழுத்துதான், இளஞ்சிவப்பு உடைகளைப் பார்த்து மூன்றாவது எபிசோடுக்கு முன் மூடிவிடாதீர்கள். ஒரு படைப்பாளி தன் கதையையே உடைத்துப் போடுவதைப் பார்க்க வேண்டுமானால் எவாஞ்சலியன். 26 எபிசோடையும் பார்த்துவிட்டு 1997இன் சினிமாவையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கோபம்தான் மிஞ்சும். டெவில்மேன் க்ரைபேபி 10 எபிசோட். ரத்தமும் உண்டு, கேள்வியும் உண்டு. 9ஆவது எபிசோடில் பக்கத்து வீட்டு மனிதர்கள் செய்வதைப் பார்த்தபின் பிசாசுகள்மேல் பயம் போய்விடும்.

டெக்னோலைஸை எதோடும் ஜோடி சேர்க்க முடியவில்லை. லெயினை எழுதிய கொனாகாவின் எழுத்து, 2003இன் 22 எபிசோட். முதல் எபிசோடில் வசனம் என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. கையும் காலும் வெட்டப்படும் ஒரு குத்துச்சண்டை வீரன், பூமிக்கடியில் ஒரு நகரம், அவ்வளவுதான். மேலே சொன்ன எல்லாவற்றிலும் எங்காவது ஒரு ஜன்னல் திறந்திருக்கும், இதில் திறக்காது. மான்ஸ்டரும் ஷின்செகாய் யோரியும் முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கேட்பவருக்கு மட்டும் இதன் பெயரைச் சொல்வேன். நாலு எபிசோட் பார்த்தும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம், அது மேற்கொண்டு இறங்கி வராது.